மேனேஜருக்கும் கிளார்க்குக்கும் ஓர் அறை

ஊரில் எல்லோரும் பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் தேடுவார்கள். பஞ்சு மேஸ்திரி பூனைக்கு அறை கட்டினார். அதுவும் சத்தம் புகாத அறை.

பஞ்சு மேஸ்திரி என்றதும் மெத்தை தைப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. சினிமாக் கொட்டகை, பாட்டுப் பதிவு செய்யும் கூடம், பெரிய முதலாளிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் கூட்ட அறை, இங்கெல்லாம் சுவருக்குள் இன்னொரு சுவர் வைப்பது அவர் தொழில். மரச்சட்டம் அடித்து, அதற்குள் தடித்த பஞ்சுப் பாளங்களைத் திணித்து, மேலே பலகை மூடி, கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி முடித்தாரென்றால், உள்ளே இடியே இறங்கினாலும் வெளியே டீ குடிப்பவன் கோப்பை ஆடாது.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க நல்ல நல்ல கருவிகள் இருக்கின்றன. மேஸ்திரிக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. கூட்டாளி தச்சரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, "என்னத் திட்டு" என்பார். பல வருஷக் கூட்டாளி, திட்டுவதற்குத் தச்சரிடம் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. தொண்டை நரம்பு புடைக்க, குலம் கோத்திரம் எதையும் விட்டுவைக்காமல் திட்டித் தீர்ப்பார். மேஸ்திரி வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு சொல் கசிந்தாலும் பலகையைப் பிரித்து மறுபடி அடிப்பார். ஒன்றும் கேட்கவில்லை என்றால், "வேலை சுத்தம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். இத்தனை வருஷத்தில் உள்ளே நின்று திட்டியது எப்போதும் தச்சர், வெளியே நின்று கேட்காமல் இருந்தது எப்போதும் மேஸ்திரி.

பூனைகள் இரண்டும் அவருடையவை அல்ல, மனைவியுடையவை. அவள் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். குட்டிகளாக வந்த அன்றே பெரியதற்கு மேனேஜர் என்றும் சின்னதற்கு கிளார்க் என்றும் பெயர் வைத்துவிட்டாள். "ஆபீஸ்ல இருக்கற மேனேஜரத்தான் திட்ட முடியல. வீட்ல இருக்கறதயாவது வாய் நிறையத் திட்டிக்கறேனே" என்பாள். பெயர் வைத்த நேரமோ என்னவோ, மேனேஜர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாது, வேளா வேளைக்குச் சாப்பிடும், யார் என்ன செய்தாலும் பிடிக்காத மாதிரி பார்க்கும். கிளார்க் தொட்டதற்கெல்லாம் நடுங்கும். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில், அழைப்பு மணி அடித்தால் அலமாரிக்குப் பின்னால். சாயங்காலம் அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு மட்டும் வாசற்கதவை ஒட்டி வந்து உட்கார்ந்திருக்கும்.

வருடக் கடைசியில் ஒரு வாரம் எல்லா அலுவலகங்களும் மூடிக் கிடக்கும். விடுமுறை என்றால் ஓய்வு என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அந்த ஒரு வாரமும் தெருவே வெடித்துக்கொண்டிருக்கும். இருட்டட்டும் என்று காத்திருக்கிற பொறுமைகூட இந்தத் தெருக்காரர்களுக்குக் கிடையாது. வெயில் இருக்கும்போதே வாணம் விடுவார்கள், புகை மட்டும் தெரியும். அந்த வாரத்தில் மனைவி வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டாள். முதல் வெடி வெடித்ததும் பூனைகள் இரண்டையும் அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, சத்தம் ஓயும்வரை அவற்றிடம் ஆபீஸ் வம்பு பேசிக்கொண்டிருப்பாள். கூடத்தில் இருக்கும் மேஸ்திரிக்கு அவள் குரல் முணுமுணுவென்று கேட்கும்.

"பூனைக்கு என்ன புரியும்னு இவ்வளவு பேசற?" என்று ஒருமுறை கேட்டார்.

"புரியற உங்ககிட்ட பேசி என்னத்தக் கண்டேன்?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றாள், மத்தியானம் இல்லை.

வந்தவர்கள் எல்லாம், "மனுஷன் கல்லு மாதிரி நின்னுட்டார்" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். கல் மாதிரி நிற்க அவர் ஒன்றும் பாடுபடவில்லை. அழுகை வரும் என்று அவரும்தான் எதிர்பார்த்தார், வரவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் தன்னுடையது போலவே இருக்காது அல்லவா, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், பூனைகளுக்குச் சோறு வைத்தார், தூங்கினார். துக்கம் இப்படியும் இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால் தனக்குத் துக்கமே இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டார். அந்த முடிவும் அவரை உறுத்தவில்லை.

மகள் வேறு ஊரில் இருந்தாள். விடுமுறை நெருங்கியதும் போன் செய்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் வரோம்ப்பா. பூனைங்கள என்ன பண்ணப் போற?"

"பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்ப? கிளார்க் ஒரு வெடிக்கே உசுர விட்ருவான். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. அம்மாவோடதுன்னு உசுரோட இருக்கறது அதுங்க ரெண்டும்தான்."

"அதான் சொல்றேன்ல, பாத்துக்கறேன்."

சொன்ன சொல்லுக்காக மிருக டாக்டரிடம் போய்க் கேட்டார். டாக்டரம்மா கறாரானவள். "உள்பக்கமா ஒரு ரூம் பாருங்க. வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க, வாசக்கதவு திறந்து திறந்து மூடும், அந்த நேரத்துல பூனை வெளிய சுத்தவே கூடாது. தண்ணி, சாப்பாடு, மண் தட்டு எல்லாம் உள்ளயே வைங்க. அதுங்க படுக்கற பழைய துணியப் போடுங்க, துவைச்சுத் தொலைக்காதீங்க, வாசனைதான் தைரியம். பயந்தா ஏறிக்க உசரமா ஓர் இடம் வேணும். அப்புறம், யாராவது கூட இருங்க" என்றாள்.

மேஸ்திரி எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். கடைசியில் சொன்னதை மட்டும், போய் வாருங்கள் என்பது போன்ற உபசாரப் பேச்சு என்று வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். சத்தமே வராத அறையில் கூட இருந்து என்ன செய்வது?

மாடிப்படிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்து வந்து, அதைக் கட்டினார். பெரிய சினிமாக் கொட்டகைக்குக் கொடுக்கும் அதே பஞ்சு, அதே பலகை. மூடிய அறைக்குக் காற்று வேண்டுமே, அதற்கும் ஒரு வித்தை உண்டு. கூரையை ஒட்டி மரத்தில் ஒரு நீளப் பெட்டி. அது சுவருக்குள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வெளிச்சுவருக்குப் போகும். காற்று வளைந்து வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் பஞ்சில் முட்டிச் செத்துப்போகும். அவரும் தச்சரும் தங்களுக்குள் அதைப் பாம்புப் பெட்டி என்பார்கள். எலி நுழையாமல் வெளிவாய்க்கு இரும்பு வலை அடித்தார். டாக்டரம்மா சொன்னபடி உயரத்தில் ஒரு பரண்பலகையும் வைத்து, அதன்மேல் மனைவியின் பழைய போர்வையை மடித்துப் போட்டார். எந்த நினைப்பும் இல்லாமல்தான் போட்டார். பூனை வாசனைக்கு அது தேவை, அவ்வளவுதான்.

மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். மருமகன் காப்பீடு விற்பவர். வாய்க்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கொடுக்காதவர். "மாமா, இது ரூம் இல்ல மாமா, பெட்டகம்! எங்க ஆபீஸ்ல இப்படி ஒண்ணு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன் மாமா" என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

தச்சர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். சோதிக்க ஆள் வேண்டும். மேஸ்திரி மகளைக் கூப்பிட்டார்.

"உள்ள போய் நின்னு என்னத் திட்டு."

"என்னது?"

"அப்பதான் வேலை தெரியும். நல்லா சத்தமா, மனசுல வர்றத எல்லாம் திட்டு. கூச்சப்படாத."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மேஸ்திரி கனத்த கதவைத் தள்ளிச் சாத்தி, காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை. தச்சராக இருந்தால் இதற்குள் முடித்துக்கொண்டு வெளியே வந்து தண்ணீர் கேட்டிருப்பார். இவள் வரவில்லை. உள்ளேயே விட்டுவிட்டோமோ என்று அவர் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் கதவு திறந்தது. அவள் முகம் சிவந்து கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"ஒண்ணுமே கேக்கல. வேலை சுத்தம்" என்றார் மேஸ்திரி.

"ம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

முதல் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு டிரைவர் ஆரம்பித்துவைத்தார். ஓர் ஊதுவத்தியும் ஒரு கூடை வெடியுமாக அவர் வாசலுக்கு வந்ததைப் பார்த்ததுமே, மகள் மேனேஜரையும் மேஸ்திரி கிளார்க்கையும் தூக்கிக்கொண்டு போய் அறையில் விட்டார்கள். கிளார்க் அவர் சட்டையை நகத்தால் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு நகமாகக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே தெரு அதிர்ந்தது. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், போனார்கள், சிரித்தார்கள், வாசற்கதவு திறந்தே கிடந்தது. மேஸ்திரி கூடத்தில் உட்கார்ந்து, கேட்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அறைப்பக்கமிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பூனைகள் சுகமாகத் தூங்குகின்றன என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று பூனை நினைக்குமாம். காது கேட்காவிட்டால் எல்லாம் சுகம் என்று மேஸ்திரி நினைத்தார்.

வெடிச்சத்தம் ஓய்ந்ததும் போய்த் திறந்தார்கள். மேனேஜர் பரண்பலகையின் மேல் உட்கார்ந்திருந்தது. கிளார்க் இல்லை.

போர்வையை உதறினார்கள். மண் தட்டை நகர்த்தினார்கள். நாலு சுவரும் ஒரு பலகையும் தவிர அந்த அறையில் ஒளிய என்ன இருக்கிறது? மருமகன் கதவோரம் நின்றார். சொல்லுக்கு அலையாத அந்த வாய் முதன்முறையாகத் திக்கியது.

"நான் ஒரே ஒரு நிமிஷம் தொறந்தேன் மாமா. எதிர்வீட்டுக்காரர், ரூம் எப்படி இருக்குன்னு பாக்கணும்னார். பெருமையா இருந்துச்சு, காட்டினேன். காலுக்கடியில எதுவும் போன மாதிரி தெரியல. ஆனா…"

"வாசக்கதவு தொறந்திருந்துச்சா?" என்று மகள் கேட்டாள்.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

அன்றைக்கும் தேடினார்கள், மறுநாள் விடிந்ததும் தேடினார்கள். நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில், சாக்கடைப் பலகைகளின் இடுக்கில், மூடிக்கிடந்த கடைகளின் பின்பக்கத்தில். தெருவெல்லாம் வெடித்த காகிதக் குப்பை. மேஸ்திரியும் குனிந்து குனிந்து பார்த்தார். முழங்கால் மடக்க முடியாத வயதில் ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்தார். கிளார்க் போனால் அவள் விட்டுவிட்டுப் போனதில் பாதி போகிறது, அதுவும் தன் கையிலிருந்து போகிறது. இது அவருக்குத் தெரிந்தது. கணக்குப் பாடம் தெரிவது போலத் தெரிந்தது. அதற்கு மேல் உள்ளே ஒன்றும் அசையவில்லை. இதற்கும்கூட ஒன்றும் தோன்றாத ஒரு மனிதன் இருப்பானா என்று ஒரு வண்டிக்கு அடியில் தலையை விட்டபடி யோசித்தார்.

தெருக்கோடியில் மகள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கிளார்க், கிளார்க் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப் போயிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"வெயில் ஏறுது. வீட்டுக்குப் போலாம் வா."

"நேத்து உள்ள நின்னு நான் என்ன கத்தினேன்னு தெரியுமாப்பா?"

"கேக்கல."

"அம்மா செத்து இத்தன நாள் ஆச்சு, இந்த ஆளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, இவன்லாம் மனுஷனான்னு கத்தினேன். அவன் இவன்னு கத்தினேன். இன்னும் என்னென்னமோ கத்தினேன்."

மேஸ்திரி சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரவேண்டிய இடம், அல்லது தலைகுனிய வேண்டிய இடம். இரண்டும் வரவில்லை.

"கேக்கவே இல்ல" என்றார் மறுபடியும்.

"கேக்காதுன்னு தெரிஞ்சுதானே கத்தினேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து நடந்தாள்.

மத்தியானம் சாப்பாட்டில் யாருக்கும் கை போகவில்லை. மருமகன்கூடப் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கே இரக்கப்பட வேண்டும். மகள்தான் பேச்செடுத்தாள்.

"மேனேஜர நாங்க கூட்டிட்டுப் போயிடறோம்ப்பா. அதுவாவது இருக்கட்டும்."

"சரி" என்றார் மேஸ்திரி.

அவள் ஏதோ எதிர்பார்த்தவள் போல அவர் முகத்தையே பார்த்தாள். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு உயிர் வந்திருக்கும். சட்டென்று எழுந்து தட்டைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

மேனேஜரைத் தூக்கி வரலாம் என்று மேஸ்திரி அறைக்குப் போனார். முன்தினத்திலிருந்து அது அந்தப் பரண்பலகையைவிட்டு இறங்கவில்லை. சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. மேனேஜர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாதது உலகமறிந்த விஷயம் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தார். அது நகத்தைப் பலகையில் ஊன்றிக்கொண்டு சீறியது. மறுபடி முயன்றார், மறுபடி சீறியது. "இருந்து தொலை" என்று தரையில் உட்கார்ந்தார். கதவு தன் கனத்தில் தானே நகர்ந்து, ரப்பர் பட்டையில் பொருந்தி மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் இப்படி அறைகள் கட்டியவர், மூடிய அறைக்குள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை.

முதலில் காது அடைத்துக்கொண்டது போல் இருந்தது. பிறகு தன் மூச்சு கேட்டது. எச்சில் விழுங்கினால் அது கேட்டது. காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது. வெளியே தெரு, தெருவில் ஆட்கள், அடுத்த அறையில் பெற்ற மகள், எதுவுமே இல்லாதது போல் ஆகிவிட்டது. இவ்வளவு மோசமான இடத்தையா இத்தனை பேருக்குக் கட்டிக்கொடுத்தோம் என்று நினைத்தார். எழுந்துவிடலாம் என்று தரையில் கை ஊன்றினார்.

தலைக்கு மேல் எங்கோ ஒரு நகம் மரத்தில் கீறியது.

மேனேஜர் அசையவில்லை. அதன் நகமில்லை. மறுபடி கீறியது. மிக மெல்லிய சத்தம். கதவு திறந்திருந்தால், வெளியே யாராவது தும்மினால்கூட அது கேட்டிருக்காது. மேஸ்திரி எழுந்து, வெளியே கிடந்த சாமான் ஏணியைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்து, கதவைச் சாத்திச் சாய்த்து ஏறி, பாம்புப் பெட்டியின் வாயில் காதை வைத்தார். உள்ளே ஓர் உயிர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கொட்டகைகளில் பெட்டியின் உள்வாய்க்கும் வலை அடிப்பார்கள், அழகுக்காக. வீட்டுக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று அவர் விட்டிருந்தார். கொட்டகையில் பூனை குடியிருப்பதில்லை, அதனால் அந்த வாய் பூனைக்கு வாசலாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு சாண் அகலம்தான். தலை நுழைந்த இடத்தில் பூனைக்கு உடம்பும் நுழைந்துவிடும். ஏறுவதற்கு வசதியாகப் பரண்பலகையையும் அவர்தான் வைத்துக்கொடுத்தார். கிளார்க் வெடிக்குப் பயந்து ஓடவில்லை, வெடிதான் உள்ளே கேட்கவே இல்லையே. இந்த அறைக்குப் பயந்து ஓடியிருக்கிறது. ஆள் குரல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போய், திரும்ப இடமில்லாத திருப்பத்தில் சிக்கி, அவருடைய சுத்தமான வேலைக்குள் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது உபசாரப் பேச்சு இல்லை.

மகளைக் கூப்பிடத்தான் முதலில் நினைத்தார். ஓடிவந்து அழுது சத்தம் போட்டால், பயந்து இன்னும் உள்ளே போய்விடும். சுத்தியலும் உதவாது. மெல்லப் போய்த் திருப்புளியை எடுத்துவந்து, பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். பேசாமல் கழற்றினால் உள்ளே அது இன்னும் பயப்படுமோ என்று, பேசிக்கொண்டே கழற்றினார். பூனையிடம் பேசிப் பழக்கமில்லை. என்ன பேசுவது?

"தச்சன் இருக்கான்ல, அவன் லீவுக்கு ஊருக்குப் போயிட்டான். போறப்ப என் நல்ல திருப்புளியத் தூக்கிட்டுப் போயிட்டான், மடையன். இது மொக்கை. அதான் நேரமாகுது." உள்ளே கீறும் சத்தம் நின்றது. கேட்கிறதோ என்னவோ. "இந்தப் பலகையும் அவன் அறுத்ததுதான். கோணல். நான் சொன்னா கேக்க மாட்டான்." ஒரு திருகாணி கீழே விழுந்தது. அடுத்ததில் திருப்புளியை வைத்தார். "நீ அவளத்தான் தேடற, எனக்குத் தெரியும். வாசல்ல வந்து உக்காருறியே தினமும். அவ வரமாட்டாடா. செத்துப் போயிட்டா. காலையில நெஞ்ச அடைக்குதுன்னா, நான் சட்டை மாட்டிட்டு வரேன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே… நீ வீட்ல இருந்த, உனக்கு எப்படித் தெரியும். யாரும் உங்கிட்ட சொல்லல. நானும் சொல்லல."

இந்த வாக்கியங்களை அவர் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தச்சர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதும் குரல் தடுமாறவில்லை. வேறு யாருடைய வீட்டுச் செய்தியோ போல் சொன்னார். பலகை கையோடு வந்தது. பஞ்சுப் பாளத்தை உருவிக் கீழே போட்டார். பெட்டியின் பக்கச்சட்டத்தைப் பெயர்த்ததும் இருட்டில் இரண்டு கண் தெரிந்தது.

"வா. நான்தான் இருக்கேன். வாடா."

வரவில்லை. தோள்வரை கையை உள்ளே விட்டார். விரலில் ரோமம் தட்டியது. பிடரியைப் பற்றி மெல்ல இழுத்தார். பஞ்சு போய்விட்ட சுவர் வழியாக இப்போது தெரு முழுதும் உள்ளே வந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டிரைவர் ஒன்றைக் கொளுத்திப் போட்டார். அறை அதிர்ந்தது. கிளார்க் துள்ளித் திரும்பி, அவர் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதையில் பல்லை இறக்கியது. எலும்புவரை இறக்கியது.

"ஐயோ!" என்று அலறினார்.

கையை விடவில்லை. பூனையை வெளியே இழுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினார். அது இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. வலித்தது. உச்சந்தலைவரை வலித்தது. மறுபடியும் ஐயோ என்றார். அதற்கடுத்த ஐயோ கடிக்காக வந்ததாகத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவில், வாய்விட்டு அழுதார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. அவருக்கே அந்நியமான பெரிய கட்டைக் குரலில், மூக்கு ஒழுக, தோள் குலுங்க, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். கிளார்க் பல்லை எடுத்துவிட்டு அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது.

மகளும் மருமகனும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். பிய்ந்து கிடந்த சுவரையும், ரத்தத்தையும், மடியில் முகம் தெரியாமல் கிடந்த பூனையையும், தன் அப்பா அழுவதையும் பார்த்து அவள் கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா… செத்துருச்சா?"

இல்லை என்று அவர் தலையாட்டினார்.  அவள் மண்டியிட்டு வந்து பூனையைத் தொட்டாள். அது உயிரோடு சூடாக இருந்தது. பிறகு அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயோ, இப்படிக் கடிச்சிருக்கே. வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா" என்றார். "ரொம்ப வலிக்குது."

மருமகன் துணி எடுத்துவர ஓடினார். மகள் எழுந்து போகவில்லை. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.